நடு நட்டா, ஐந்து போல்ட்டா? ஸ்போர்ட்ஸ் கார் வாங்குமுன் சக்கரத்தைக் குனிந்து பாருங்கள்

போர்ஷே 911 டர்போவும் டர்போ எஸ்ஸும் பக்கம் பக்கமாக நின்றால் அவசரத்தில் பார்ப்பவருக்கு வித்தியாசம் பிடிபடாது. சக்கரத்தைப் பார்த்தால் உடனே தெரியும். 992 எனும் 911 தலைமுறையில் டர்போவின் சக்கரத்தை 5 போல்ட் பிடித்திருக்கிறது. டர்போ எஸ்ஸில் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. இதற்குப் பெயர் சென்டர் லாக். போர்ஷேயின் 718 கேமனிலும் அப்படித்தான்: ஜிடி4 என்றால் 5 போல்ட், ஜிடி4 ஆர்எஸ் என்றால் சென்டர் லாக். 911 ஜிடி3 வாங்குகிறவருக்குத் தேர்வே கிடையாது. 2009-இல் 997 எனும் பழைய 911 தலைமுறையின் இரண்டாம் பதிப்பு வந்தது முதல் ஜிடி3 என்றாலே சென்டர் லாக்.

ஷோரூமில் குதிரைத்திறன் பேசுவார்கள், இருக்கைத் தோலின் நிறம் பேசுவார்கள், இதைப் பேச மாட்டார்கள். ஆனால் வண்டியை வைத்திருக்கும் காலம் முழுக்க, டயர் மாற்றும்போதும் பிரேக் பேட் மாற்றும்போதும் நெடுஞ்சாலையில் ஆணி குத்தும்போதும், இந்த ஒரு வித்தியாசம் திரும்பத் திரும்ப முன்னால் வந்து நிற்கும். அதனால் இரண்டையும், பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் வேலைகளையும் எடை போட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒரு தவறான எண்ணம். வேகமாகப் போகிற வண்டிக்கு சென்டர் லாக் இருந்தால்தான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 400 கிலோமீட்டரைத் தாண்டி ஓடிய புகாட்டி வேய்ரானின் சக்கரங்களைப் பிடித்திருந்தது போல்ட்டுகள்தான். நிஸ்ஸான் ஜிடி-ஆர் 5 நட்டில் ஓடுகிறது. வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒற்றை நட்டு பந்தயத்துக்கு வந்த காரணம் வேறு: பந்தயத்தின் நடுவே டயர் மாற்ற நிற்கும் பிட் நிறுத்தத்தில் 5 முறை நட்டுத் துப்பாக்கியை வைத்து எடுப்பதற்குப் பதில் ஒரு முறை வைத்தால் போதும். 2023 கத்தார் ஃபார்முலா 1 போட்டியில் மெக்லாரன் அணி 1.80 விநாடியில் நான்கு சக்கரங்களையும் மாற்றியது ஒற்றை நட்டு இருந்ததால்தான். தெருவில் ஓடும் வண்டிக்கு அந்த 1.80 விநாடியால் என்ன பயன் என்பதை வாங்குகிறவர்தான் சொல்ல வேண்டும்.

இது புதுச் சரக்கும் அல்ல. கம்பிச் சக்கரக் காலத்திலேயே இங்கிலாந்தின் ரட்ஜ்-விட்வொர்த் நிறுவனம் நடு நட்டுச் சக்கரத்தைப் பரப்பிவிட்டது. பழைய எம்ஜிபி, ஜாகுவார் இ-டைப் வண்டிகளில் காது வைத்த நட்டைச் செம்புச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவார்கள். அந்தக் காது பாதசாரிகளைக் கிழிக்கும் என்று 1968-இல் அமெரிக்கா தடை விதித்தது. பிறகு காதில்லாத எண்கோண நட்டு வந்தது. பழைய வண்டிகளில் இடப்பக்கம் வலது மரை, வலப்பக்கம் இடது மரை இருக்கும். ஓட ஓட நட்டு தளராமல் இருக்க அந்த ஏற்பாடு. போர்ஷே கரேரா ஜிடியில் பக்கம் மாறாமல் இருக்க இடப்பக்க நட்டுக்குச் சிவப்பு, வலப்பக்க நட்டுக்கு நீலம் என்று வண்ணமே பூசினார்கள். உங்கள் வண்டியில் எந்தப் பக்கம் எந்த மரை என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டே ஸ்பேனரை எடுங்கள். தப்பான திசையில் 1 மீட்டர் கம்பியைப் போட்டு ஏறி மிதித்தால் மரை பாழ்.

பிடிமானம் எங்கிருந்து வருகிறது

5 போல்ட் சக்கரத்தில், பிரேக் அடிக்கும்போது சக்கரத்தை நிறுத்துவது போல்ட்டின் உடம்பு என்றுதான் பொதுவாக நினைப்போம். உண்மையில் அந்த வேலையைச் செய்வது உராய்வு. போல்ட்டுகள் சக்கரத்தை ஹப்பின், அதாவது அச்சின் முனையில் சக்கரம் உட்காரும் துண்டின், முகத்தோடு அழுத்துகின்றன. அந்த அழுத்தத்தில் இரண்டு உலோக முகங்களும் ஒட்டிக்கொள்கின்றன. இன்றைய 911-இல் போல்ட் எம்14 (14 மில்லிமீட்டர் விட்டம்), இறுக்கம் 160 நியூட்டன் மீட்டர் (முறுக்கும் பலத்தின் அளவு). பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டால் ஒரு போல்ட் ஏறக்குறைய 5 டன் அழுத்தம் தரும், ஐந்தும் சேர்ந்தால் 25 டன் அக்கம்பக்கம். போல்ட் வட்டத்தின் விட்டம் 130 மில்லிமீட்டர், உராய்வுக் கெழு 0.15 என்று வைத்தால் வழுக்காமல் தாங்கும் முறுக்கு சுமார் 2,400 நியூட்டன் மீட்டர். ஒன்றரை டன் வண்டியை முழு பலத்தோடு நிறுத்தும்போது ஒரு முன் சக்கரத்துக்கு வருவது சுமார் 2,000. உராய்வு ஒன்றே போதும். போல்ட்டை வெட்டும் விசை அதன் மேல் விழுவதே இல்லை.

சென்டர் லாக்கில் கணக்கு வேறு. போர்ஷேயின் இறுக்கம் 600 நியூட்டன் மீட்டர். எண் பெரிதாகத் தெரிந்தாலும் மரையின் விட்டமும் பெரிது. மரை பெரிதாக ஆக, முறுக்கில் பெரும்பங்கு உராய்விலேயே கரைந்துவிடும். விட்டம் 70 மில்லிமீட்டர் என்று வைத்து, உராய்வைக் குறைக்கும் பசை தடவிய நிலையில் போட்டுப் பார்த்தால் கிடைக்கும் அழுத்தம் 6 முதல் 9 டன்தான். அது உராய்வால் தாங்குவது 600 முதல் 900 நியூட்டன் மீட்டர் வரை. பிரேக்குக்குத் தேவையானதில் பாதிகூட இல்லை.

அதனால்தான் சென்டர் லாக் ஹப்பின் முகத்தில் வட்டமாகப் பின்கள் (உலோக முளைகள்) நிற்கின்றன. சக்கரத்தின் முதுகில் உள்ள குழிகளில் அவை நுழைகின்றன. சக்கரத்தைத் திருப்புவதும் நிறுத்துவதும் இந்தப் பின்கள். நட்டின் வேலை சக்கரம் பின்களை விட்டு வெளியே வராமல் அழுத்திப் பிடிப்பது. இது என் விரல் கணக்குதான், தயாரிப்பாளரின் எண் அல்ல. ஆனாலும் இதிலிருந்து ஒன்று தெளிவு: நட்டு கொஞ்சம் தளர்ந்தாலே பின்னுக்கும் குழிக்கும் இடையில் ஆட்டம் தொடங்கிவிடும். முடுக்கும்போது ஒரு ‘டக்’, பிரேக் அடிக்கும்போது எதிர்ப்பக்கம் ஒரு ‘டக்’. மெதுவாகப் பார்க்கிங்கில் முன்னும் பின்னும் நகர்த்தும்போது இந்தச் சத்தம் கேட்டால் ஸ்டீரிங்கையும் சஸ்பென்ஷனையும் சந்தேகப்படுவதற்கு முன் நடு நட்டைப் பாருங்கள்.

ஒன்று போனால் என்ன மிச்சம்

5 போல்ட்டில் ஒன்று தளர்ந்தால் மற்ற நான்கு பிடித்திருக்கும். இரண்டு தளர்ந்தால் ஸ்டீரிங்கில் நடுக்கம் வரும், ஓட்டுகிறவருக்குத் தெரியும், ஓரம் கட்டலாம். ஐந்தையும் இறுக்க மறந்துவிட்டு வண்டியை வெளியே அனுப்புகிற கடைகளும் உண்டு. அது வேறு விஷயம்.

ஒற்றை நட்டில் இந்தப் படிப்படியான எச்சரிக்கை குறைவு. அதை ஈடுகட்டத்தான் உள்ளே பூட்டு வைத்திருக்கிறார்கள். போர்ஷேயில் ஹப்பின் நடுவில் ஸ்பிரிங் வைத்த பற்சக்கரம் போன்ற ஒரு துண்டு இருக்கிறது. சாக்கெட்டை முழுதாக உள்ளே அழுத்தினால் அது பின்வாங்கும், நட்டு சுழலும். சாக்கெட்டை எடுத்ததும் அது வெளியே துள்ளி நட்டின் பற்களோடு கோத்துக்கொள்ளும். இனி நட்டு தானாகச் சுழல முடியாது.

இந்தப் பூட்டு நட்டு கழன்று விழாமல் காக்கும், அவ்வளவுதான். இறுக்கத்தைக் காக்காது. 300 நியூட்டன் மீட்டரில் இறுக்கிவிட்டுச் சாக்கெட்டை எடுத்தாலும் அது துள்ளி வந்து பூட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். பூட்டியிருக்கிறது என்பதும் சரியாக இறுக்கியிருக்கிறது என்பதும் வேறு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் சென்டர் லாக் வண்டிகளில் நடக்கும் பெரிய தவறு.

பயிற்சி பெற்றவர்களுக்கும் இது கைநழுவும். அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயம் பல பத்தாண்டுகள் 5 நட்டில் ஓடிவிட்டு 2022-இல் புதுக் காரோடு ஒற்றை நட்டுக்கு மாறியது. முதல் பருவத்திலேயே சக்கரங்கள் கழன்று ஓடின. அணியின் தலைமை மெக்கானிக்குக்கும் உடன் இருந்த இருவருக்கும் 4 போட்டித் தடை என்று தண்டனைகள் குவிந்தன. வாரம் முழுக்க இதே வேலையைப் பழகுகிறவர்கள் அவர்கள். சக்கரம் பின்களில் முழுதாக உட்காராத நிலையிலேயே நட்டு இறுகிவிட்டால், சற்று ஓடியதும் சக்கரம் உள்ளே நகரும், நட்டு தளர்ந்துவிடும்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. 2021 மொனாக்கோ ஃபார்முலா 1 போட்டியில் வால்டேரி போட்டாஸின் மெர்சிடிஸில் துப்பாக்கி நட்டின் மேல் நேராக உட்காரவில்லை. நட்டின் முகங்களைச் சீவித் தள்ளிவிட்டது. சக்கரம் வரவே இல்லை, போட்டியிலிருந்து விலகினார். 43 மணி நேரம் கழித்துத் தொழிற்சாலையில்தான் அந்தச் சக்கரத்தைக் கழற்ற முடிந்தது. 5 போல்ட்டில் ஒன்றின் தலை வழுக்கினால் அதை மட்டும் துளையிட்டு எடுக்கலாம். ஒற்றை நட்டின் தலை போனால் சக்கரமே கைதி.

போர்ஷேயும் இதில் பாடம் படித்தது. 997 ஜிடி3-இன் பின் சக்கர ஹப்களுக்காக 2010-இல் ரீகால் அறிவித்து மாற்றிக் கொடுத்தது. அந்தத் தலைமுறைக்கு முதலில் சொன்ன இறுக்கம் 500 நியூட்டன் மீட்டர், பின்னால் 600 ஆனது. பழைய 997 வாங்குகிறவர்கள் கையுறைப் பெட்டியில் கிடக்கும் பழைய கையேட்டை மட்டும் நம்பாமல், வண்டியின் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து டீலரிடம் இன்றைய எண்ணைக் கேட்க வேண்டும்.

600 நியூட்டன் மீட்டர் என்றால் கைக்கு எவ்வளவு

1.2 மீட்டர் நீளக் கம்பியின் முனையில் சுமார் 51 கிலோ தொங்கினால் 600 நியூட்டன் மீட்டர். கழற்றும்போது அதைவிடக் கூடுதலாகவே கேட்கும். ஓர் ஆண்டாகத் தொடாத நட்டு என்றால் முழு உடல் எடையையும் போட வேண்டிவரும். வீட்டில் வைத்திருக்கும், இறுக்கத்தை அளந்து காட்டும் அரை அங்குல டார்க் ரென்ச் இங்கே உதவாது, அதன் அளவே அங்கு வரை போகாது. முக்கால் அங்குலச் சதுரம் உள்ள, 600-ஐ அளவின் நடுப்பகுதியில் காட்டுகிற ரென்ச் வேண்டும். இல்லாவிட்டால் டார்க் மல்டிப்ளையர்: உள்ளே கியர் வைத்து, கையால் கொடுப்பதைப் பல மடங்காக்கித் தரும். ஒல்லியான ஆளுக்கும் அது சரிவரும், ஆனால் அதன் விகிதத்தையும் இழப்பையும் சேர்த்துக் கணக்குப் போடத் தெரிந்திருக்க வேண்டும். பூட்டை உள்ளே தள்ளும் முனை வைத்த சிறப்புச் சாக்கெட் கட்டாயம். அளவு ஒத்துவரும் வேறு சாக்கெட்டை மாட்டினால் பூட்டு விலகாமலே நட்டைத் திருப்ப முயல்வீர்கள், பற்கள் நொறுங்கும்.

மாட்டும் வேலையை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இது போர்ஷேயின் முறை. லம்போர்கினிக்கும் மெக்லாரனுக்கும் எண்களும் பசையும் வேறு.

1. வண்டி சமதளத்தில் நிற்கட்டும், பார்க்கிங் பிரேக் போடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்தபடி இருக்க வேண்டும். தனியாளாக இந்த வேலை ஆகாது.
2. சாக்கெட்டை நேராக, பூட்டு பின்வாங்கும் வரை அழுத்தி மாட்டி நட்டைத் தளர்த்துங்கள். பிறகு ஜாக்கி.
3. சக்கரத்தை நேராக வெளியே இழுங்கள். சாய்த்து இழுத்தால் உள்விளிம்பு பிரேக் டிஸ்க்கில் மோதும். செராமிக் டிஸ்க் என்றால் ஓரம் தெறித்துப் போகும், அதன் விலை டயரின் விலைபோல இருக்காது.
4. ஹப் முகம், பின்கள், சக்கரத்தின் குழிகள், நட்டின் கூம்பு முகம் எல்லாவற்றையும் துடையுங்கள். பழைய பசை கறுத்துக் கட்டியாகியிருக்கும், அதை எடுத்துவிட வேண்டும். மரையில் பளபளவென்று கீறல் தெரிந்தால் அந்த நட்டு வேண்டாம்.
5. தயாரிப்பாளர் சொன்ன அலுமினியப் பசையை, சொன்ன இடங்களில் மட்டும், மெல்லிய படலமாகத் தடவுங்கள்.
6. சக்கரத்தைப் பின்களில் ஏற்றி, ஹப்போடு முழுதாக உட்காரவையுங்கள். நட்டைக் கையாலேயே பல சுற்று ஏற்றுங்கள். கையில் சிக்கினால் நிறுத்திக் கழற்றிப் பார்க்க வேண்டும், ஸ்பேனரை எடுக்கக் கூடாது.
7. 600 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். பிறகு 60 பாகை தளர்த்துங்கள், மறுபடி 600-க்கு இறுக்குங்கள்.
8. சாக்கெட்டை எடுத்ததும் பூட்டு துள்ளி வெளியே வந்ததா என்று கண்ணால் பாருங்கள், விரலால் தொட்டும் பாருங்கள். உள்ளேயே தங்கியிருந்தால் பல்லும் பல்லும் நேருக்கு நேர் நிற்கின்றன என்று பொருள். இறுக்கும் திசையில் ஒரு துளி நகர்த்தினால் பொருந்தும். தளர்த்திப் பொருத்தாதீர்கள்.
9. கடைசியில்தான் மூடி.

7-ஆவது படியில் ஏன் தளர்த்தி இறுக்க வேண்டும்? முதல் இறுக்கத்தில் பசை ஒரே சீராகப் பரவியிருக்காது, கூம்பு முகமும் தன் இடத்தில் உட்கார்ந்திருக்காது. ரென்ச் 600 காட்டும், அதில் வழக்கத்தைவிடக் கூடுதலான பங்கு உராய்வுக்கே போயிருக்கும். ஒரு முறை தளர்த்தி இறுக்கினால் அதே 600-க்கு உண்மையான அழுத்தம் கூடக் கிடைக்கும். அவசரக்காரர்கள் விட்டுவிடுவது இந்தப் படியைத்தான்.

பசையில் வரும் தவறுகள் இரண்டு வகை. ஒன்று, காய்ந்த மரையில் இறுக்குவது. அலுமினியமும் எஃகும் நேரடியாக உரசினால் அலுமினியம் கடிபட்டு ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை கழற்றும்போது மரையோடு வரும். இரண்டு, கையில் கிடைத்த செம்புப் பசையையோ பேரிங் கிரீஸையோ தடவுவது. உராய்வு மாறினால் 600-க்குக் கிடைக்கும் அழுத்தமும் மாறிவிடும். எண் சரி, இறுக்கம் தப்பு. 5 போல்ட் வண்டியில் இதற்கு நேர் எதிர்ப் பழக்கமும் பார்க்கிறோம்: உலர்ந்திருக்க வேண்டிய போல்ட்டின் இருக்கையில் எண்ணெய் விட்டு, 160-க்குப் பதில் இம்பாக்ட் கன்னால் (அடித்து அடித்து இறுக்கும் துப்பாக்கி) அடித்து, போல்ட்டை நீட்டிவிடுவது.

டிராக்கில் இருந்து வந்த சூட்டோடு இறுக்குவதையும் தவிருங்கள். சூட்டில் அலுமினியம் எஃகைவிட அதிகம் விரியும். அந்த நிலையில் 600 வைத்தால் ஆறியபின் பிடி குறைந்திருக்கும். இம்பாக்ட் கன் நட்டை வேகமாக ஏற்ற இறக்க மட்டும், கடைசி இறுக்கம் கையால்.

இதையெல்லாம் 5 போல்ட்டோடு ஒப்பிட்டால்: அரை அங்குல ரென்ச், 160 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில் இரண்டு சுற்று, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் ஒரு முறை சரிபார்ப்பு. ஒரே ஆள், எந்த ஊர்க் கடையிலும்.

நம் சாலையில்

ஜிடி3-யிலும் டர்போ எஸ்ஸிலும் ஸ்டெப்னி கிடையாது. டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவமும் சின்ன கம்ப்ரஸரும்தான். இதைக் காட்டி, ‘எப்படியும் நடுரோட்டில் சக்கரம் கழற்றப் போவதில்லை, அப்புறம் எந்த நட்டாக இருந்தால் என்ன’ என்பார்கள். பாதி உண்மை. சென்னையில் இருந்து திருச்சி போகும் வழியில் திண்டிவனத்தைத் தாண்டி ஆணி குத்தினால், டயரின் நடுப்பகுதி என்றால் சக்கரத்தைக் கழற்றாமலே பஞ்சர் கடைக்காரர் டியூப்லெஸ் திரி போட்டுவிடுவார். 992 ஜிடி3-இன் பின் டயர் 315 மில்லிமீட்டர் அகலம். ஆணி உள்பக்கத் தோளில் இருந்தால் வண்டியின் அடியில் கை நுழையாது, சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். 5 போல்ட் என்றால் அதே கடையில் கழற்றிவிடலாம். சென்டர் லாக் என்றால் அவரிடம் சாக்கெட் இல்லை, 600 அளக்கும் ரென்ச் இல்லை. இருக்கிற பெரிய பைப் ரென்ச்சை அவர் எடுத்து வருவதற்குள் காரை மேலே ஏற்றிச் செல்லும் ஃப்ளாட்பெட் வண்டியைக் கூப்பிட்டுவிடுங்கள்.

சாக்கெட் உங்கள் டிக்கியில் இருந்தாலும் கழற்றுவது மட்டுமே நடக்கும். திரும்ப மாட்டுவதற்கு ரென்ச் எங்கே? லாரி மெக்கானிக் கடையில் நீளமான ரென்ச் கிடைக்கலாம், அளவுமானி இல்லாமல். ‘கையாலேயே தெரியும் சார்’ என்று அவர் சொல்வது லாரி வீலுக்கு உண்மையாக இருக்கலாம்.

டயர் கடையிலும் ஒரு சிக்கல். சென்டர் லாக் சக்கரத்தின் நடுத்துளை பெரிது, போல்ட் துளைகளும் கிடையாது. பேலன்ஸ் மெஷினில் வழக்கமான கூம்பு அதை நடுவில் பிடிக்காது, அதற்கென்ற அடாப்டர் வேண்டும். அது இல்லாமல் ஏதோ ஒரு கூம்பால் ஒப்பேற்றினால் திரையில் பூஜ்யம் வரும், 120-இல் ஸ்டீரிங் ஆடும். புது டயர் போடுவதற்கு முன் கடைக்காரரிடம் அடாப்டர் இருக்கிறதா என்று கேளுங்கள், ‘பண்ணிடலாம் சார்’ என்ற பதிலை ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலோ மலேசியாவின் செபாங்கிலோ பந்தயத் தடத்தில் சொந்தக் காரை ஓட்டும் டிராக் நாள்களுக்குப் போகிறவர்களுக்குக் கணக்கு மாறும் என்று எதிர்பார்ப்போம், மாறுகிறது, ஆனால் எதிர்பார்த்த திசையில் அல்ல. ஒரு நாளில் டயர் செட் மாற்ற வேண்டும், மதியம் பேட் மாற்ற வேண்டும் என்றால் ஒரு சக்கரத்துக்கு ஒரு நட்டு என்பது உண்மையிலேயே வேகம், ஆள் இரண்டு பேரும் நல்ல ரென்ச்சும் இருந்தால். தனியாக ஓட்டிப் போய், தனியாகவே பேட் மாற்றி, தனியாகவே திரும்புகிறவருக்கு 5 போல்ட்தான் தோழன். ஜிடி3 வாங்கி அதிகமாக டிராக்கில் ஓட்டுகிறவர்களில் சிலர் சென்டர் லாக் ஹப்பைக் கழற்றிவிட்டு 5 போல்ட் ஹப்புக்கு மாறுவது இந்தக் காரணத்தால்தான்.

எடை பற்றி ஒரு வார்த்தை. ஒற்றை நட்டு என்றதும் இலகு என்று தோன்றும். பெரிய நட்டு, பின்கள், பூட்டு, தடித்த ஹப் எல்லாவற்றையும் கூட்டினால் 5 எம்14 போல்ட்டைவிடக் குறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். எடையைக் குறைப்பது ஃபோர்ஜ் செய்த ரிம்மும் மெக்னீசியமும்தான்.

மாற்றிக்கொள்வது

சென்டர் லாக்கில் இருந்து 5 போல்ட்டுக்கு: ஹப்களை மாற்ற வேண்டும், அதோடு சக்கரங்களையும். ஹப்பை எடுக்கும்போது வீல் பேரிங்கும் பெரும்பாலும் புதிதாகிவிடும். 5 போல்ட் 130 வட்டத்துக்குச் சந்தையில் சக்கரங்கள் ஏராளம், விலையும் கட்டுக்குள். கழற்றிய ஹப்பையும் சக்கரத்தையும் விற்றுவிடாமல் வைத்திருங்கள். பிறகு வண்டியை வாங்குகிறவர் அசல் உருவத்தைத்தான் கேட்பார்.

5 போல்ட்டில் இருந்து சென்டர் லாக்குக்கு: இதில் இரண்டு வழி. ஹப்பையே மாற்றுவது ஒன்று. மற்றது, இருக்கிற 5 போல்ட்டின் மேல் ஓர் அடாப்டரை இறுக்கி அதன் மேல் நடு நட்டுச் சக்கரத்தை மாட்டுவது. இந்த இரண்டாவது வழிக்கு வக்காலத்து வாங்க ஒன்றுமே இல்லை. ஒரு இணைப்பு இருந்த இடத்தில் இரண்டு. அடாப்டரின் 5 போல்ட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்துவிடும், தளர்ந்தால் வெளியிலிருந்து தெரியாது. அடாப்டரின் கனம் சக்கரத்தை வெளியே தள்ளும், பேரிங்குக்குச் சுமை ஏறும், ஸ்டீரிங் குணம் மாறும். பல அடாப்டர்களில் பூட்டும் கிடையாது, அல்லது வெளியிலிருந்து குத்தும் ஒரு கம்பிக் கொக்கிதான். அழகுக்காக என்றால் சென்டர் லாக் போலத் தெரியும் வெறும் மூடிகள் கிடைக்கின்றன. பார்த்தால் சிரிப்புதான் வரும், ஆனால் யாருக்கும் அடிபடாது.

எதை எடுப்பது

ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் ஓட்டப் போகிறீர்கள், டீலர் சர்வீஸ் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, டர்போவா டர்போ எஸ்ஸா என்று ஊசலாடுகிறீர்கள் என்றால் இந்த ஒரு காரணமே டர்போவின் பக்கம் தராசைச் சாய்க்கும். டர்போ எஸ்ஸின் கூடுதல் வலிமைக்காக மனம் அங்கேதான் போகிறது என்றால் எடுங்கள். ஆனால் சாக்கெட், முக்கால் அங்குல ரென்ச், பசை மூன்றையும் வண்டியோடு சேர்த்து வாங்குங்கள். தயாரிப்பாளரின் சாலையோர உதவிச் சேவையில் ஃப்ளாட்பெட் எவ்வளவு தூரத்துக்கு வரும் என்பதையும் எழுத்தில் கேட்டு வையுங்கள். ரென்ச்சை வேலை முடிந்ததும் குறைந்த அளவுக்குத் திருப்பி வைக்க வேண்டும். 600-லேயே விட்டுவிட்டால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் சோர்ந்து அடுத்த ஆண்டு 600 என்பது 600 ஆக இருக்காது.

ஜிடி3 வாங்குகிறவருக்குச் சொல்ல அதிகம் இல்லை. அந்த வண்டியை யாரும் சக்கர நட்டுக்காக விட்டுவிட மாட்டார்கள், விட வேண்டியதும் இல்லை. சரியாக மாட்டிய சென்டர் லாக் பாதுகாப்பில் குறைந்ததல்ல. மாட்டும் கை யாருடையது என்பதுதான் விஷயம்.

பழைய சென்டர் லாக் வண்டி பார்க்கப் போகிறவர்கள் நான்கு மூடிகளையும் கழற்றச் சொல்லிப் பாருங்கள். பூட்டு நான்கிலும் ஒரே உயரத்தில் வெளியே நிற்க வேண்டும். விரலால் அழுத்தினால் உள்ளே போய், விட்டதும் துள்ளித் திரும்ப வேண்டும். மெதுவாக வந்தால் உள்ளே துருவோ காய்ந்த பசையோ இருக்கிறது. நட்டின் பல் முனைகள் மழுங்கியிருந்தால் யாரோ இம்பாக்ட் கன்னால் விளையாடியிருக்கிறார்கள். பிறகு ஒரு சக்கரத்தையாவது, முடிந்தால் பின்பக்கத்தில், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பின்களின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து மினுக்கினாலோ சக்கரத்தின் குழி வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தாலோ அந்த வண்டி தளர்ந்த நட்டோடு ஓடியிருக்கிறது. ஹப்பும் சக்கரமும் சேர்ந்தே மாற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டுதான் பேச்சைத் தொடர வேண்டும். விற்பவரிடம் கழற்ற ரென்ச்சே இல்லை என்றால், இத்தனை நாள் அந்தச் சக்கரங்களை யார் மாட்டினார்கள் என்று சர்வீஸ் பில்களில் தேடுங்கள்.